முட்டைக்கு நீலம், லிஃப்டுக்கு சிவப்பு

“அதெல்லாம் சரிக்கா, ஆனா பாவம், முட்டையால வந்து ஓட்டுப் போட முடியாதே!”ன்னாங்க புரொபசர்.

“ஏன், என் முட்டி மட்டும் எந்திரிச்சு வந்து ஓட்டுப் போடுதா?”ன்னாங்க அவங்க அக்கா.

அவ்ளோதான். அஞ்சாம் மாடியே சிரிப்புல ஆடிப்போச்சு. புரொபசர் மட்டும் சிரிக்கல. சிரிக்கிற நிலைமையில அவங்க இல்ல. மணி பதினொண்ணே கால். மூணு மணிக்கு பதிப்பகத்துல இருந்து போன் வரும்.

பத்து வீடு, அஞ்சு மாடி, ஒரே ஒரு லிஃப்ட். அந்த லிஃப்ட் படுத்து பத்தொன்பது நாள் ஆச்சு. ஏதோ ஒரு பார்ட் வரணும், வரணும்னு இழுத்தடிச்சு, கடைசில அன்னிக்கு சனிக்கிழமை காலைல மெக்கானிக் அந்த பார்ட்டோடவே வந்துட்டார். எல்லாரும் பால்கனில நின்னு கை தட்டாத குறை. மெக்கானிக் மொட்டை மாடிக்குப் போய் மோட்டார் ரூமைத் திறந்தார், எட்டிப் பாத்தார், அப்படியே திரும்பி இறங்கி வந்துட்டார். கயிறு ஓடுற பெரிய சக்கரத்துக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவுல புறா கூடு கட்டியிருக்கு. உள்ள ரெண்டு முட்டை.

“நகத்தி வைக்கலாம்ல?”ன்னு மூணாம் மாடி பல் டாக்டர் கேட்டார்.

“நகத்தினா தாய் திரும்ப வராது சார். ரெண்டு பில்டிங்ல பாத்துட்டேன். நான் வண்டிய ஓட்டினா முட்டை காலி. ஓட்டலன்னா குஞ்சு பொரிச்சுப் பறக்க ஒன்றரை மாசம் ஆகும். எது வேணும்னு நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாங்க. அந்தப் பாவத்தை என் தலைல கட்டாதீங்க.” டூல் பாக்ஸை மடில வெச்சுக்கிட்டு படிக்கட்டுல உக்காந்துட்டார் மனுஷன்.

மத்தவங்களுக்கு இது தலைவலி. புரொபசருக்கு இது லாட்டரி!

ஏன்னா அவங்க தத்துவப் பேராசிரியை. முப்பது வருஷமா ஒரே விஷயத்தைத்தான் கட்டிக்கிட்டு அழறாங்க. நல்லது கெட்டதுல மனுஷங்க ஒத்துப் போகவே மாட்டாங்க, அப்புறம் எப்படி சேர்ந்து ஆட்சி நடத்துறது? அவங்க கட்சி என்னன்னா, சண்டை தீராது, தீரவும் வேண்டாம். ஆனா தோத்தவன் வீட்டுக்குப் போறப்ப ‘எங்க கை கம்மியா இருந்துச்சு’ன்னு நினைச்சுட்டுப் போகலாம், ‘என் பேச்சை யாருமே கேக்கல’ன்னு நினைச்சுட்டுப் போகக் கூடாது. அதுக்கு அவங்க ஒரு விதி கண்டுபிடிச்சிருக்காங்க. ஓட்டுக்கு முன்னாடி, எதிராளி பேச்சை எதிராளி முன்னாடியே நீ பேசணும். அவர் வாயாலயே “ஆமா, இதைத்தான் நான் சொல்ல வந்தேன்”னு வர்ற வரைக்கும் விடக் கூடாது. அதுக்கப்புறம்தான் ஓட்டு. எட்டு அத்தியாயம் எழுதியாச்சு. வகுப்புல பசங்க வெச்ச பேரு ‘மறுபக்கம் மேடம்’.

பதிப்பகத்துக்காரம்மா எட்டையும் படிச்சுட்டு கேட்டது ஒரே கேள்விதான். “நடக்கணும், நடக்கலாம், நடந்தா நல்லதுன்னு எழுதியிருக்கீங்க மேடம். எங்கயாவது நடந்துச்சா? ஒரே ஒரு இடம் காட்டுங்க, ஒன்பதாவது அத்தியாயமா வெச்சுடலாம். இல்லன்னா இந்தப் புத்தகத்தை என்னால போட முடியாது. சனிக்கிழமை மூணு மணிக்குக் கூப்பிடறேன்.”

நடக்கலைங்க. அதான் பிரச்சனை. துறைக் கூட்டத்துல முயற்சி பண்ணினப்ப துறைத் தலைவர், “என் எதிரி பேச்சை நான் பேசணுமா? அப்புறம் அவரு எதுக்கு இருக்காரு?”ன்னு எந்திரிச்சு டீ குடிக்கப் போயிட்டார். வீட்டுல டிவி ரிமோட்டுக்காக முயற்சி பண்ணினப்ப வீட்டுக்காரர் ரிமோட்டைக் கையில குடுத்துட்டு வேற ரூமுக்குப் போயிட்டார். முப்பது வருஷத்துல ஒரு இடம் இல்ல! இப்ப, இதோ, சாமி வரம் குடுத்த மாதிரி ஒரு கூடு, ரெண்டு முட்டை, பத்து வீடு!

சரி, மீட்டிங் எங்க வைக்கிறது? இங்கதான் அக்கா. புரொபசரோட சொந்த அக்கா. அவங்க வீடு அஞ்சாம் மாடி, தங்கச்சி வீடு ரெண்டாம் மாடி. அக்கா ரிட்டயர்டு நர்ஸ். முட்டில ஆபரேஷன். ஆஸ்பத்திரில இருந்து வந்து லிஃப்டுல ஏறின மறுநாளே லிஃப்ட் படுத்துடுச்சு. அன்னிலேருந்து இறங்கவே இல்ல. சனிக்கிழமையானா மூணரைக்குக் கீழ சிநேகிதிங்களோட சீட்டாட்டம், இருபது வருஷப் பழக்கம், அதுவும் போச்சு. கீழ வர முடியாதவங்களை விட்டுட்டு மீட்டிங் வெச்சா அது என்ன ஜனநாயகம்னு புரொபசர் எல்லாரையும் மேல கூப்பிட்டுட்டாங்க.

நாலாம் மாடி வக்கீல் அப்பவே கையைத் தூக்கினார். ரிட்டயர்டு ஆகி ஏழு வருஷம் ஆச்சு, பழக்கம் போகல. “ஆட்சேபணை! அஞ்சு மாடி ஏற வெச்சு மூச்சு வாங்க வெச்சா எல்லாரும் லிஃப்டுக்குத்தான் ஓட்டுப் போடுவாங்க. இது வாக்காளர் மனசைக் கலைக்கிற வேலை!”

“வக்கீல் சார், நீங்களே லிஃப்ட் கட்சிதானே?”

“ஆமா. நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?”

ஓட்டுப் பெட்டிக்கு அக்கா வீட்டு பிளாஸ்டிக் பக்கெட், மேல ஒரு துண்டு. ஓட்டுச் சீட்டுக்கு துணி மாட்டற கிளிப். நீலம்னா முட்டை, சிவப்புன்னா லிஃப்ட். ஒவ்வொரு வீட்டுக்கும் ரெண்டு கலர்லயும் ஒண்ணு, துண்டுக்குள்ள கையை விட்டு ஒண்ணைப் போடணும், இன்னொண்ணை பாக்கெட்டுல வெச்சுக்கணும். முதல்ல ஒரு வெள்ளோட்டம் பாத்தாங்க. நீலம் அஞ்சு, சிவப்பு அஞ்சு!

புரொபசர் முகத்துல வந்த சந்தோஷத்தைப் பாத்து பேக்கரி அண்ணன் பயந்தே போயிட்டார். “எதுக்கும்மா சிரிக்கிறீங்க? சமமா வந்தா கஷ்டம்தானே?”

“இதைவிட அழகா வரவே வராது!”

அப்புறம் எல்லாரும் எந்தக் கட்சின்னு சொல்லி, கிளிப்பைத் திரும்ப வாங்கிக்கிட்டு, ஜோடி பிரிச்சாங்க. ஒரு நீலத்துக்கு ஒரு சிவப்பு. முதல் ஜோடி பேக்கரி அண்ணனும் வக்கீலும். பேக்கரி அண்ணன் முதல் மாடி, முட்டைக் கட்சி. “முதல் மாடிக்காரருக்கு லிஃப்ட் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? தர்மவான் வேஷம் நல்லாத்தான் இருக்கு”ன்னு பல் டாக்டர் ஏற்கனவே ஒரு குத்து குத்தியிருந்தார்.

வக்கீல் தொண்டையைச் செருமினார். “எதிர்த்தரப்பு வாதம் என்னவென்றால், உணர்ச்சிவசப்பட்டு…”

“இல்ல,”ன்னார் பேக்கரி அண்ணன்.

“சரி. எதிர்த்தரப்பு, அறியாமையின் காரணமாக…”

“இல்லவே இல்ல சார்!”

மூணு தடவ ஆச்சு. நாலாவது தடவ வக்கீல் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே மெதுவா சொன்னார். “ஒரு நாளைக்கு நானூறு முட்டை உடைக்கிறீங்க கடைல. அது தொழில். ஆனா இது உங்க பில்டிங்ல, உங்களை நம்பி வந்து வெச்சது. விருந்தாளி மாதிரி. இதையும் உடைச்சா அப்புறம் உங்களுக்கு எதுதான் உடைக்கக் கூடாதது?”

பேக்கரி அண்ணன் தலையை ஆட்டினார். “ஆமா சார். எனக்கே இவ்ளோ கோர்வையா வராது.”

இப்ப அவர் முறை. வக்கீல் பேச்சை வக்கீலாப் பேசணும். அண்ணன் ஒரே போடா போட்டார். “சாருக்கு லிஃப்ட் இல்ல சார் முக்கியம். ரூல்தான். எல்லாருக்கும் பொதுவான ஒண்ணை ஒரு புறா வந்து நிறுத்தலாம்னா, நாளைக்கு ஒரு ரவுடி வந்தும் நிறுத்தலாம். அப்ப கேக்க வாய் இருக்காது.” வக்கீல் எந்திரிச்சு கை குடுத்தாரு பாருங்க! கோர்ட்டுல அவருக்காக யாரும் இப்படி வாதாடியிருக்க மாட்டாங்க.

அப்படியே தீப் பிடிச்ச மாதிரி பரவிடுச்சு. அங்க ரெண்டு பேர் படிக்கட்டுல, இங்க ரெண்டு பேர் செருப்பு ஸ்டாண்டு பக்கத்துல, “இல்ல”, “இல்ல”, “கிட்ட வந்துட்டீங்க”, “ஆஆ, இதான், இதேதான்!” ஒரே சந்தை இரைச்சல். பல் டாக்டர் தன் ஜோடியான யோகா டீச்சர்கிட்ட முட்டையா நடிச்சே காமிச்சார்னு வெச்சுக்கோங்களேன், தரையில சுருண்டு படுத்து! மெக்கானிக் டிபன் பாக்ஸைத் திறந்து வெச்சுக்கிட்டு வேடிக்கை பாக்கறார்.

கடைசி ஜோடி அக்காவும் தங்கச்சியும். அக்கா சிவப்பு, தங்கச்சி நீலம். எல்லாரும் வட்டம் கட்டிட்டாங்க.

புரொபசர் ஆரம்பிச்சாங்க. “அக்காவோட நடமாடும் சுதந்திரம்…”

“அது உன் மூணாவது அத்தியாயம்டீ. நான் படிச்சுட்டேன். என்னைப் பத்திச் சொல்லு.”

“சரி. உடம்பு முடியாதவங்களோட சம உரிமை…”

“நாலாவது அத்தியாயம்.”

“அக்கா, நீ வேணும்னே பண்ற!”

“வேணும்னேதான் பண்றேன். உன் விதிதானே? ‘ஆமா’ன்னு நான் சொன்னாத்தானே நீ நகர முடியும்?”

சுத்தி நின்னவங்களுக்குச் சிரிப்பு தாங்கல. மணி ரெண்டு ஆயிடுச்சு. புரொபசர் வேர்த்துப் போயிட்டாங்க. எதிர்க்கருத்தை எப்படிக் கேக்கணும்னு முப்பது வருஷமா ஊருக்கே பாடம் எடுத்தவங்க, இப்ப சொந்த அக்கா மனசுல என்ன இருக்குன்னு தெரியாம முழிக்கிறாங்க. குறிப்பு எழுதி வெச்சிருந்த பேப்பரை மடிச்சு இடுப்புல சொருகிட்டு, அக்கா காலு வெச்சிருந்த ஸ்டூலு பக்கத்துல தரையில உக்காந்தாங்க. அங்கேருந்து பாத்தப்பதான் தெரிஞ்சுது. அக்கா நாற்காலி ஜன்னலைப் பாத்துப் போட்டிருக்கு. ஜன்னல் கம்பில, உக்காந்தா கண்ணு படற உசரத்துல, ஒரு இடம் மட்டும் வெளிய பாத்துட்டே பிடிச்ச கை தேய்ச்சுத் தேய்ச்சு பளபளன்னு இருக்கு.

“நான் ஒரு நாளைக்கு மூணு தடவ சாப்பாட்டோட ஏறி வர்றேன்,”ன்னாங்க மெதுவா. “மூச்சு வாங்கிட்டே வர்றேன். நீ அதைப் பாக்கற. பாத்துட்டு, வேணும்ங்கறதைக் கூட வேணாம்னு சொல்லிடற. எல்லாரும் உன்கிட்ட நல்லவிதமா இருக்காங்க. அதனால யார் மேலயும் கோபப்பட முடியல. முப்பத்தஞ்சு வருஷம் ஊருக்கெல்லாம் ஊசி போட்டு ஓடியாடிட்டு, இப்ப எல்லாருக்கும் நன்றி சொல்ற வேலை மட்டும்தான் உனக்கு. லிஃப்ட் வந்தா நீ யாருக்கும் நன்றி சொல்லாம கீழ போகலாம். அதான் வேணும் உனக்கு. சரியாக்கா?”

அக்கா ஜன்னலைப் பாத்தாங்க. “ஆமாடீ. அதான்.” மூக்கை உறிஞ்சிட்டு, “இதை உன் புத்தகத்துல போட்டே, கொன்னுடுவேன்.”

அப்புறம் அக்கா முறை. ஒரே தடவைதான்.

“இவ கட்சி என்னன்னா, மீட்டிங்குக்கு வர முடியாதவங்கன்னு சிலர் இருப்பாங்க. வாய் இருக்காது, கை இருக்காது, முட்டைக்குள்ள இருப்பாங்க. அவங்க உசிரைப் பத்தி நாம பேசறோம், அவங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. அப்ப மீட்டிங்குல ஒருத்தராவது அவங்களுக்காக எந்திரிச்சு நிக்கணும். ஜெயிக்கறாங்களோ தோக்கறாங்களோ, நிக்கணும். சின்ன வயசுல எனக்காக அப்பாகிட்ட நர்சிங் படிக்கணும்னு பேசினது இவதான். எனக்கு அப்ப வாய் வரல.” அக்கா குனிஞ்சு தங்கச்சி தலையில ஒரு தட்டு தட்டினாங்க. “என்னடீ, சரியா?”

“ஆமாக்கா. இதைத்தான் நான் சொல்ல வந்தேன்.”

ஓட்டு! பக்கெட் சுத்தி வந்துச்சு. துண்டுக்குள்ள கை போச்சு, வந்துச்சு, டொக் டொக்னு கிளிப் விழுந்துச்சு. மணி ரெண்டே முக்கால். மெக்கானிக்கை எண்ணச் சொன்னாங்க, அவர்தான் எந்தக் கட்சியும் இல்ல. தரையில வரிசையா அடுக்கினார்.

நீலம் அஞ்சு. சிவப்பு அஞ்சு.

எல்லாரும் குனிஞ்சு மறுபடி எண்ணிப் பாத்தாங்க.

“அடப்போங்கப்பா,”ன்னார் பல் டாக்டர். “மூணு மணி நேரம்! தரையில எல்லாம் படுத்தேன்! ஒரு ஓட்டு கூட மாறலயே!”

புரொபசர் கிளிப்பையே பாத்துட்டு நின்னாங்க. ஒண்ணு கூட மாறல. முப்பது வருஷம். எட்டு அத்தியாயம். மூணு மணிக்கு போன் வரும், ‘நடக்கல’ன்னு சொல்லிட வேண்டியதுதான். வாயைத் திறந்தாங்க, மன்னிப்புக் கேக்கலாம்னு.

“இல்ல… ஒரு நிமிஷம்,”ன்னு பேக்கரி அண்ணன் தலையைச் சொறிஞ்சார். “நான் மாத்தித்தான் போட்டேன். இந்தத் தடவ சிவப்பு.”

வக்கீல் சட்டுன்னு திரும்பினார். “நீங்களா? நான் நீலம் போட்டேனே! நீங்க பேசினதுக்கு அப்புறம், அதாவது நான் உங்க பேச்சைப் பேசினதுக்கு அப்புறம்…”

“நானும் மாத்தினேன்!” பல் டாக்டர்.

“அய்யய்யோ, நானும்!” யோகா டீச்சர்.

எல்லாரும் பாக்கெட்டுல மிச்சம் இருந்த கிளிப்பை எடுத்து நீட்டறாங்க. பத்து கை. பத்துமே மாறியிருக்கு! கடைசியா அக்கா கையை விரிச்சாங்க, உள்ள சிவப்பு மிச்சம். அப்படின்னா பக்கெட்டுல போட்டது நீலம். புரொபசர் கையில நீலம் மிச்சம். போட்டது சிவப்பு.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க. அவ்ளோதான், வெடிச்சுது பாருங்க ஒரு சிரிப்பு! அக்கா சிரிச்ச சிரிப்புல கால் ஸ்டூல்ல இருந்து நழுவி, “ஆ, முட்டி, முட்டி!”ன்னு கத்திக்கிட்டே சிரிக்கிறாங்க. வக்கீல் சுவத்துல சாஞ்சுட்டார். யோகா டீச்சருக்கு விக்கல் வந்துடுச்சு. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்தாலே போதும், மறுபடியும் ஆரம்பிச்சுடுது.

“சரி சரி, இப்ப நான் என்னதான் பண்றது?”ன்னார் மெக்கானிக்.

“லிஃப்டை ஓட்டுங்க!”ன்னு புரொபசர்.

“கூட்டுல கை வெச்சே, பாத்துக்கோ!”ன்னு அக்கா. “என் முட்டி இன்னும் ஒன்றரை மாசம் தாங்கும்!”

“நீ ஒண்ணும் தாங்க வேணாம்!”

“நீ யாருடீ அதைச் சொல்ல? வாயில்லா ஜீவனுக்கு நான் நிக்கறேன்!”

மறுபடியும் அதே சண்டை, ஆளு மட்டும் இடம் மாறி! புரொபசர் புத்தகத்துல எல்லாம் யோசிச்சிருந்தாங்க. யாரும் மாறாம மரியாதை மட்டும் கூடும்னு யோசிச்சிருந்தாங்க. நாலஞ்சு பேர் மாறலாம்னு கூட யோசிச்சிருந்தாங்க. எல்லாருமே மொத்தமா மாறி, மறுபடியும் நேருக்கு நேர் நிப்பாங்கன்னு எந்தத் தத்துவமும் சொல்லல. எதிராளியை நூத்துக்கு நூறு புரிஞ்சுக்கற வரைக்கும் விடாதேன்னு விதி போட்டது அவங்கதானே? வாத்தியார் வேலையைச் சுத்தமாப் பாத்துட்டாங்க.

மெக்கானிக்தான் டிபன் பாக்ஸை மூடிக்கிட்டே சொன்னார். “இதுல என்னம்மா அதிசயம்? லிஃப்டே இப்படித்தான். பெட்டி ஒரு பக்கம் தொங்கும், எதிர் எடை இன்னொரு பக்கம். இது ஏறினா அது இறங்கும். ரெண்டும் இடம் மாறினாத்தான் வண்டி ஓடுதுன்னு அர்த்தம்.”

புரொபசர் அவரைக் கட்டிப் பிடிக்காத குறை.

அதுக்குள்ள அக்கா மணியைப் பாத்துட்டாங்க. “முடிவு இன்னிக்கு வராது. அடுத்த சனிக்கிழமை பாத்துக்கலாம். மூணரைக்கு எனக்குச் சீட்டாட்டம். என்னைக் கீழ இறக்குங்க.”

“அக்கா! நன்றி சொல்ற வேலையே வேணாம்னு…”

“எவன் நன்றி சொல்லப் போறான்? பறவைக்காக நான்தான் லிஃப்டை விட்டுக் குடுக்கறேன். எனக்குத்தான்டீ எல்லாரும் நன்றி சொல்லணும்! தூக்குங்கப்பா!”

அப்படி ஒரு போட்டி! நாற்காலியோட தூக்க நாலு பேரு போதும், ஆறு பேரு கூடினாங்க. முன்னாடி வக்கீலும் பேக்கரி அண்ணனும், பின்னாடி பல் டாக்டரும் மெக்கானிக்கும், நடுவுல ரெண்டு பேர் எதையும் புடிக்காம “பாத்து, பாத்து”ன்னு கத்தறதுக்கு. இறங்கிக்கிட்டே சண்டை. “ரூலுன்னா ரூலு சார்!” இப்ப இது பேக்கரி அண்ணன். “விருந்தாளிய்யா அது, விருந்தாளி!” இது வக்கீல். அக்கா நாற்காலில ராணி மாதிரி உக்காந்துக்கிட்டு, ஒவ்வொரு மாடித் திருப்பத்துலயும், “இடிக்காதே! நன்றி எங்க? இன்னும் யாரும் சொல்லல!”ன்னு கேட்டுட்டே வர்றாங்க. பின்னாடி ஊன்றுகோலும் தலையணையுமா புரொபசர்.

மூணாம் மாடி திரும்பறப்ப போன் அடிச்சுது. பதிப்பகத்துக்காரம்மா.

“மேடம், ஒரே வார்த்தை. நடந்துச்சா, நடக்கலையா?”

புரொபசர் படில நின்னாங்க. முன்னாடி நாற்காலி சாய்ஞ்சு நிமிருது, ஆறு பேர் கத்தறாங்க, அக்கா சிரிக்கிறாங்க.

“நடந்துட்டிருக்கு,”ன்னாங்க. “இப்ப மூணாம் மாடில.”

“அப்படின்னா? முடிவு என்ன?”

“அஞ்சுக்கு அஞ்சு. முதல்லயும் அஞ்சு, கடைசிலயும் அஞ்சு.”

“அப்ப தோத்துடுச்சா?”

புரொபசர் எல்லாத்தையும் சொன்னாங்க. கிளிப்பு, பக்கெட்டு, பத்து கை, எதையும் விடல. பதிப்பகத்துக்காரம்மா ‘ம்’, ‘ம்’னு கேட்டுக்கிட்டாங்க. அப்புறம், “இருங்க மேடம், ஸ்பீக்கர்ல போடறேன், எங்க ஆளுங்களும் கேக்கட்டும்.” ஒரு நிமிஷம் கூட ஆகல. “முட்டையை எப்படிங்க உடைக்க முடியும்?”ன்னு ஒரு குரல். “அந்தம்மா முட்டிக்கு யாருய்யா பதில் சொல்றது?”ன்னு இன்னொரு குரல். நாற்காலி இழுக்கிற சத்தம். “நீ முதல்ல அவன் சொல்றதை அவன் மாதிரியே சொல்லிக் காட்டு!”ன்னு பதிப்பகத்துக்காரம்மாவே கத்தறாங்க. அப்புறம் போனுக்குப் பக்கத்துல வந்து, “ஒன்பதாவது அத்தியாயம் திங்கக்கிழமை வேணும் மேடம்”னுட்டு வெச்சுட்டாங்க. அவங்க ஆபீஸ்ல அப்ப நிலவரம் மூணுக்கு மூணாம்.

புரொபசர் அன்னிக்கே அத்தியாயத்தை எழுதிட்டாங்க, கடைசி வரியைத் தவிர. அங்க ‘ஆகவே’ன்னு ஒரு வார்த்தை மட்டும் நிக்குது. மேல புறா அசராம உக்காந்திருக்கு, பக்கெட்டும் கிளிப்பும் அக்கா வீட்டு வாசல்லயே இருக்கு, அடுத்த சனிக்கிழமை மூணாவது ஓட்டு. சரி, இந்த ஓட்டுல நீங்க மனசுக்குள்ள ஏற்கனவே ஒரு கலர் எடுத்திருப்பீங்கல்ல? இப்ப எதிர்க் கட்சியை ஒரு தடவ, அவங்களே ‘ஆமா’ங்கற மாதிரி, சத்தமாப் பேசிப் பாத்துட்டுச் சொல்லுங்க, உங்க கையில மிச்சம் இருக்கறது இன்னும் அதே கிளிப்புதானா?